கனசாவா சுற்றிப் பார்க்க மட்டும்தானா, குடியிருக்கவும் முடியுமா?

கேட்டவர் மே மாதம் டோக்கியோவிலிருந்து ரயிலேறி இரண்டு நாள் கனசாவாவில் தங்கியிருக்கிறார். ஊர் மனதுக்குப் பிடித்துவிட்டது. வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாமா, இல்லை அது சுற்றுலாவுக்கு மட்டும் ஏற்ற ஊரா என்று கேட்கிறார். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் இரண்டு, "அது குட்டி கியோத்தோ, ஒரு நாள் போதும், குடியிருக்க அங்கே ஒன்றுமில்லை" என்கின்றன. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 2016 முதல் நான் இருப்பது இந்த ஊரில்தான்.

முதலில் அந்தக் குட்டி கியோத்தோ. கியோத்தோ பேரரசர் இருந்த ஊர். கனசாவா மயேதா குடும்பத்தாரின் கோட்டை ஊர். 1583இல் மயேதா தொஷியியே இங்கே வந்தார். அதன் பிறகு ஏறக்குறைய முந்நூறு வருடம் ஊர் அவர்கள் கையில். நாட்டை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தை விட்டால் நாட்டிலேயே பெரிய சிற்றரசு இதுதான். அந்தப் பணத்தைப் படையில் போட்டால் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஆட்சி செய்த தோக்குகாவா ஷோகுனுக்குச் சந்தேகம் வரும், அதனால் கைவினையில் போட்டார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அரக்கு வேலை, காகா யூசென் பட்டுச் சாயம், தங்க ரேக்கு எல்லாம் அப்படி வளர்ந்தவை. ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கில் 99 சதவீதம் இன்றும் இந்த ஒரே ஊரில் தயாராகிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கே குண்டு விழவில்லை. அதனால் சாமுராய்கள் வாழ்ந்த நகாமாச்சியின் மண் சுவர்களும் பழைய தேநீர் விடுதித் தெருவான ஹிகாஷி சாயாவின் மரவீடுகளும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. நாலரை லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர். 2015 மார்ச்சில் ஷின்கன்சென் அதிவேக ரயில் வந்த பிறகு டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம். ஒரு நாளில் பார்த்து முடித்தேன் என்பவர்கள் தங்க ரேக்கு ஒட்டிய ஐஸ்கிரீமைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள். அவர்களிடம் குடியிருப்பதைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

இப்போது உங்களுக்கு. நீங்கள் பார்த்தது மே மாதம். வருடத்திலேயே நல்ல மாதம் அது. நவம்பர் நடுவில் வானம் மூடிக்கொள்ளும். மார்ச் வரை வெயில் என்பது எப்போதாவது வந்து போகிற விருந்தாளி. சைபீரியாவிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று, வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வந்து 2,702 மீட்டர் உயரமுள்ள ஹாகுசான் மலைத்தொடரில் முட்டி, மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. அதே நாளில் டோக்கியோவில் நீல வானம் இருக்கும். "மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது இந்த ஊர்ச் சொலவடை. இடி வேறு. நம் ஊரில் இடி என்றால் கோடை மழை. இங்கே டிசம்பர், ஜனவரியில் நள்ளிரவில் ஜன்னல் அதிரும். வருடத்தில் 40 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. ஜப்பானில் இதுதான் அதிகம்.

வடக்கே ஹொக்கைடோவில் இருக்கும் நண்பர்கள் "கனசாவா பனியெல்லாம் ஒரு பனியா" என்று வருவார்கள் என்று தெரியும். அங்கே குளிர் அதிகம், பனி உலர்ந்த பொடியாக விழும், கோட்டு மேல் தட்டினால் போய்விடும். இங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனி ஈரமாக, கனமாக விழும். கென்ரொக்குயென் தோட்டத்தில் மரங்களுக்குக் கயிறு கட்டுவது அதனால்தான். வருடா வருடம் நவம்பர் 1ஆம் தேதி கராசாகி பைன் மரத்தில் தொடங்குவார்கள். மரத்தையொட்டி உயரமான கம்பங்களை நட்டு, தோட்டக்காரர் உச்சியில் ஏறி நின்று வைக்கோல் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கீழே வீசுவார். கீழே நிற்பவர்கள் அதைப் பிடித்துக் கிளையில் கட்டுவார்கள். அந்த ஒரு மரத்துக்கே ஏறக்குறைய 800 கயிறு. அம்மா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "காத்தடிக்கும் முன்னால வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரிதானே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அலங்காரம் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல்லடத்துப் பக்கம் தோட்டம் பார்த்த அம்மாவுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது.

2018 பிப்ரவரியைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. அந்த வாரம் பனி முக்கால் மீட்டரைத் தாண்டியது. பக்கத்து ஃபுகுய் மாநிலத்தில் 8ஆம் எண் நெடுஞ்சாலையில் 1,500 வண்டிகள் சிக்கி நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எங்கள் தெருவில் குப்பை வண்டி வரவில்லை. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரி காலி. விடியும் முன்பே தெருவில் சரக் சரக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பாட்டி, எண்பது வயதிருக்கும், வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமில்லை, தெருவே நிற்கிறது. நான் கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கியதும் தன் வீட்டுப் பனிவாரியை என் கையில் கொடுத்தார். வளைந்த கைப்பிடி உள்ள பெரிய பிளாஸ்டிக் வாரி அது. 'மாமாசான் டம்ப்' என்பார்கள். தூக்கக் கூடாது, அடியில் செருகி, இடுப்பால் தள்ளி, சறுக்கவிட்டுக்கொண்டே போக வேண்டும். தூக்கினால் மறுநாள் முதுகு நிமிராது.

வாரிய பனியை எங்கே போடுவது என்பதில்தான் ஊரே அடங்கியிருக்கிறது. சாலையில் போட்டால் வண்டி வழுக்கும், அடுத்த வீட்டு எல்லையில் போட்டால் அவர்கள் வாரணும். எங்கள் தெருவோரம் வாய்க்கால் ஓடுகிறது. கனசாவாவில் இப்படி 55 வாய்க்கால்கள் உண்டு. மயேதா காலத்திலிருந்தே சில ஓடுகின்றன. பனியை அதில் போடலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டினால் வாய்க்கால் அடைத்துக்கொண்டு கீழ்த்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போய்விடும். பாட்டி ஒரு வாரி போட்டுவிட்டு, அது கரைந்து நகரும் வரை நின்று பார்த்து, அடுத்ததைப் போட்டார். நானும் அப்படியே செய்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் அன்று பேச்சு அதிகமில்லை. என் ஜப்பானிய மொழியும் அப்போது அவ்வளவுதான். ஆனால் அதற்கு மறுவாரம் வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் அறிவிப்புச் சுற்று என் கதவுக்கும் வர ஆரம்பித்தது. அதுவரை என் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. குடியிருப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

சும்மா ஜப்பானைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீடு தேடி அலைந்த கதை எனக்கும் உண்டு. ஒரு வீட்டுத் தரகு அலுவலகத்தில் என் முன்னாலேயே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டார்கள். நான் என்ன வேலை, என்ன சம்பளம் என்று எதுவும் கேட்கவில்லை. வெளிநாட்டவர் என்றதும் முடிந்துவிட்டது. கடைசியில் தொழிற்சாலை மேலாளர் கூட வந்து பேசித்தான் வீடு கிடைத்தது. முன்பணம், திரும்ப வராத 'ரெய்கின்', உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று வாடகையைப் போல நாலைந்து மடங்கு கையில் இருக்க வேண்டும். பழைய மரக் குடியிருப்புகளில் குளிர் தாங்காது. மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்தால் ஜன்னலில் தண்ணீர் வழியும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். துணி வெளியே காயாது. நாலு மாதம் வீட்டுக்குள் கொடி கட்ட வேண்டும்.

வேலை என்றால், இது தறிக்கும் இயந்திரத்துக்கும் பேர்போன பகுதி. பல்லடம், சோமனூர் பக்கம் ஏர்ஜெட் தறி ஓட்டுபவர்கள் சுடகோமா என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அந்த நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நான் இருப்பது பேர் தெரியாத ஒரு சிறிய உதிரிபாகப் பட்டறை. இங்கே ஆங்கிலம் எடுபடாது. பட்டறையில் வரைபடத்திலிருந்து திட்டு வரை எல்லாம் ஜப்பானிய மொழிதான். ஜப்பானிய மொழித் தேர்வில் நடுத்தர நிலையான என்3 அளவு தேறாமல் வராதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு கேட்கும் பட்டச் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். எம்.இ. முடித்து கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே வேலை உறுதியாகி, பட்டச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களின் சம்பளமே அவர்கள் எனக்குப் பாக்கி. அப்பா நடையாய் நடந்தார். முதல்வர் அறை வாசலில் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "இன்றைக்கு சார் இல்லை" என்பார்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன. யார் கேட்கிறார்கள்? கடன் வாங்கிக் கட்டித்தான் மீட்டோம். படித்தவன் பட்டத்தை அடகுப் பொருளாக வைத்திருக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாடு போக நினைப்பவர்கள் இருந்தால், வேலையை விடப்போவதைச் சொல்லும் முன் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மீன் சாப்பிடுபவர்களுக்கு இது சொர்க்கம். நவம்பர் 6ஆம் தேதி நண்டு பிடிக்கத் தடை நீங்கியதும் ஓமிச்சோ சந்தையில் நிற்க இடமிருக்காது. சைவர்களுக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. காய்கறிக் குழம்பு என்று கொடுத்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். வீட்டில் சமைத்தால் பிரச்சினை இல்லை. இந்த ஊர்த் தாமரைக் கிழங்கு மாவுப்பிடிப்பு அதிகம் உள்ளது, துருவினால் ஒட்டிக்கொள்ளும். அதில் சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து நான் வடை தட்டுவேன். கொரோஜிமா மணல் நிலத்தில் விளையும் சர்க்கரைவள்ளியும் அப்படித்தான், வேகவைத்து உப்பு போட்டாலே போதும். பருப்பு, மசாலா எல்லாம் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நிலநடுக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் கேட்பார்கள். 2024 ஜனவரி 1, மாலை 4:10. நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு. கனசாவா அதற்குத் தெற்கே. புத்தாண்டு நாள், எல்லோரும் வீட்டில். ஃபோன் அலறிய சத்தமும் அலமாரி நடந்து வந்ததும் இன்னும் மறக்கவில்லை. தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் உடனே ஓடுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தார். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் சுனாமி பயமில்லை. ஆனாலும் எல்லோரும் வெளியே வந்து ஆள் எண்ணினார்கள், என்னையும் சேர்த்து. கோட்டையின் கற்சுவர் பல இடங்களில் சரிந்தது. நோட்டோவில் அரக்கு வேலைக்குப் பேர்போன வாஜிமாவில் காலைச் சந்தைத் தெருவே எரிந்துபோனது. அரக்குப் பாத்திரம் செய்பவர்கள் பட்டறையை இழந்து, சிலர் கனசாவாவுக்கு வந்து வேலையைத் தொடர்கிறார்கள். நீங்கள் திரும்ப வரும்போது பொருள் வாங்குவதானால் அவர்களுடையதை வாங்குங்கள்.

ஆக, குடியிருக்க முடியுமா? முடியும். பிள்ளைகள் தனியாக நடந்து பள்ளிக்குப் போகிற ஊர், வாடகை டோக்கியோவை விடக் குறைவு, சனி ஞாயிறு கென்ரொக்குயென் இந்த இஷிகாவா மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவசம். மையத்தை விட்டு வெளியே இருந்தால் கார் வேண்டும். இந்திய உரிமத்தை மாற்ற எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேற வேண்டியிருக்கும். குப்பைக்கு 2018 முதல் காசு கொடுத்து நகராட்சிப் பை வாங்க வேண்டும். இவையெல்லாம் பழகிவிடும். வானம் எல்லோருக்கும் பழகாது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டாவது பிப்ரவரியிலேயே நாகோயாவுக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் வேலையை விடும் முன், ஜனவரி கடைசியில் மனைவி பிள்ளைகளோடு ஒரு வாரம் வந்து தங்குங்கள். சாயா தெரு ஓரத்து விடுதி வேண்டாம். தெராமாச்சி பக்கமோ கனைவா பக்கமோ சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் அறை எடுங்கள். காலையில் பேருந்தில் போய் வாருங்கள், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிச் சமையுங்கள், துணி துவைத்துக் காயப்போட்டுப் பாருங்கள். பூட்ஸ் ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். பனி கரைய சாலை நடுவில் நிலத்தடி நீரைப் பீய்ச்சுவார்கள், அந்தச் சேற்றுத் தண்ணீரில் தோல் பூட்ஸ் ஒரே நாளில் ஊறிவிடும். இங்கே எந்த ஹோம் சென்டரிலும் (வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை) முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கிடைக்கும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.