மரச் சிற்பத்துக்குள் மின்சுற்று: வெடிப்பை மூடலாமா?

கேள்வி: முழு அடிமரத்தில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருக்கிறேன். முன்னால் முகம், பின்னால் மரப்பட்டை. உள்ளே சர்க்யூட் போர்டும் எல்இடி விளக்குகளும் பதிக்க எண்ணம். அதற்குள் கன்னத்தில் வெடிப்பு விழுந்துவிட்டது. எபாக்ஸி (கலந்து ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றி மூடலாமா?

பதில்: இப்போது மூடாதீர்கள். கட்டை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். ஆனால் வளர்ச்சி வளையங்களின் சுற்றுவாக்கில், ஆரவாக்கில் (மையத்திலிருந்து பட்டையை நோக்கி) இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுமையத்தோடு இருக்கும் முழுக் கட்டை அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் பிளக்கிறது. இந்த நிலையில் எபாக்ஸி ஊற்றினால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வரலாம்.

சரி, என்ன செய்வது? பின்பக்கப் பட்டையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அங்கிருந்து மையத்தைக் குடைந்து எடுங்கள். ஜப்பானியக் கோயில் சிற்பிகள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை இது. 1053-இல் சிற்பி ஜோச்சோ செய்த, ஜப்பானின் பியோதோயின் கோயிலில் உள்ள அமிதா புத்தர் சிலையும் உள்ளே கூடுதான். உங்களுக்கு இதில் இரட்டை லாபம்: மரம் இருபுறமும் சீராகக் காயும், போர்டுக்கும் விளக்குகளுக்கும் இடம் கிடைக்கும். சுவரின் கனம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம். உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனால் மூக்கடியிலும் தாடையிலும் மரம் தடித்திருப்பது உடனே தெரியும். உச்சந்தலையிலும் கழுத்திலும் நார் முனைகள் தெரியும் இடங்களில் மெழுகு பூசுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றபின் அடுத்த வேலை.

அந்த வெடிப்பை நான் அப்படியே விட்டுவிடுவேன். பிரிட்டிஷ் சிற்பி டேவிட் நாஷ் பச்சை மரத்தில் செதுக்கி, பின்னால் வரும் வெடிப்பையும் வளைவையும் படைப்பின் பங்காகவே ஏற்றவர். இயற்கை, மனிதன், இயந்திரம் மூன்றும் சேரும் உங்கள் சிற்பத்தில் மரம் தன் போக்கில் செய்த ஒரே காரியம் இந்தக் கோடு. விளக்கொளி அதன் வழியே கசிந்தால் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் மின்வேலை. போர்டை மரத்தோடு ஒட்ட வேண்டாம். மரம் பருவத்துக்குப் பருவம் அசையும், போர்டு அசையாது. ஒரு திருகை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு திருகு நகர இடம் இருக்கும்படி நாரின் குறுக்குவாக்கில் நீள்வடிவத் துளை போடுங்கள். எல்இடியின் சூடு வெளியேறக் காற்றுத் துளை வேண்டும். லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்து மூடவே கூடாது. அடாப்டர் வெளியே இருக்கட்டும். மரத்துக்கு முன்பே விளக்குகள் பழுதாகும் என்பதால் பின்மூடியைத் திருகுகளால் மாட்டி, ஒயர்களைத் தொய்வாக விடுங்கள்.