டெயில் லைட்டில் வலை வலையாகக் கீறல்: மாற்ற வேண்டுமா, தேய்த்தாலே போகுமா?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய கார் ஒன்றைச் சமீபத்தில் வாங்கினேன். வண்டியில் குறை இல்லை. ஆனால் வெயிலில் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு டெயில் லைட்டிலும் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். இடது பக்கம் நீளமாக ஒரு கோடும் இருக்கிறது. கடையில், "இது போகாது சார், ஜோடியா மாத்திடுங்க" என்கிறார்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் லைட்டைத் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் கண்ணுக்கு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது மேலோட்டமானது, பாலிஷிலேயே போய்விடும். அடுத்து அந்த நீளக் கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டி நின்றால் கோடு ஆழம். அதை முழுசாக எடுக்கப் பார்த்தால் சுற்றிலும் பள்ளம் விழும். பாதி மங்கினாலே போதும் என்று விட்டுவிடுவதுதான் நல்லது.

டெயில் லைட் மூடி பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். சிவப்பு நிறம் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டது என்பதால், தேய்த்தால் சாயம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அக்ரிலிக்குக்கு ஆகாதவை சூடும் தின்னரும். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். அதற்கு அப்புறம் எந்தப் பாலிஷாலும் சரிசெய்ய முடியாது.

காலையில், நிழலில் வேலையைத் தொடங்குங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவி, ஒரு மணல் துகள்கூட இல்லாமல் அலசிவிட வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்கான பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சமாக எடுத்து, உள்ளங்கை அகல இடமாகப் பார்த்துத் தேய்த்து, காய்வதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். துடைத்ததும் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வலை குறைந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அதே மாதிரி செய்தால் போதும்.

அதற்கும் மசியாத கோட்டுக்கு மட்டும்தான் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். 2000 எண்ணில் தொடங்கி 3000-இல் முடியுங்கள். பேப்பரை ஊறவைத்து, சொட்டு ஷாம்பூ கலந்த தண்ணீரை விட்டுக்கொண்டே லேசாகத் தேய்க்க வேண்டும். 2000-ஐக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 3000-ஐ மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்தைய பேப்பரின் கோடு மிச்சம் இருந்தால் அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டத்தில் லைட் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கி நிற்கும். முதல் தடவை செய்தபோது எனக்கு நெஞ்சு பகீரென்றது. பயப்படாதீர்கள், காம்பவுண்டும் (பாலிஷைவிடக் கொஞ்சம் கரகரப்பான தேய்க்கும் பசை) அப்புறம் பாலிஷும் போட்டால் பளபளப்பு திரும்பிவிடும். பாலிஷ் போடும் மெஷின் கையில் இருந்தாலும் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் இளகி, அழியாத தழும்பு விழும்.

பற்பசையிலும் தேய்க்கும் பொடிதான் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு கரகரப்பு என்பது பசைக்குப் பசை மாறும். ஒரு பாலிஷ் டப்பா சில நூறு ரூபாய்தான், அதையே வாங்குங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு: உள்பக்கம் விரிசல் விட்டிருந்தால், அல்லது கழுவியபின் உள்ளே நீர் கோத்து நின்றால். அப்போதும் கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். புதுசும் பழசும் நிறத்தில் கொஞ்சம் வேறுபடும் என்பதால்தான் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள். அந்த வித்தியாசம் உறுத்தாது என்றால் ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள். பழைய பல்பு ஹோல்டரை அப்படியே பொருத்த முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வட்டக் கீறல்கள் ஓடும்போது விழுந்தவையாக இருக்காது. தினமும் காலையில் தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தால் வருபவை. வண்டி துடைக்க ஆள் வைத்திருந்தால் அவரைக் கடிந்துகொள்ளாமல், இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு அப்புறம் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இதே முறையில் மஞ்சளான ஹெட்லைட்டையும் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்கலாம், ஆனால் அத்தோடு விடக் கூடாது. ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்; வெயிலைத் தாங்க அதன் மேல் ஒரு பூச்சு இருக்கும். மஞ்சளை எடுக்கும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து போய்விடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை அன்றே அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.