ஆறு கடலில் சேரும் இடம்வரை நடந்தே போக அழகான வழி தமிழ்நாட்டில் உண்டா?

சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து பொங்கல் லீவுக்கு இடம் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் பதில்: தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரிலிருந்து புன்னைக்காயல். தாமிரபரணியின் கடைசி ஆறேழு கிலோமீட்டர். சேலத்துப் பக்கத்து ஆத்தூர் இல்லை, அங்கே போய் நிற்காதீர்கள்.

ஊர்ப் பெருமை பேசுகிறான் என்று கமெண்ட் வரும். வரட்டும். பொதிகையில் பிறந்து இதே மாநிலத்திலேயே கடலைத் தொடுகிற ஆறு. கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும்.

போன தை மாதம் மாமாவோடு நடந்தேன். "எதுக்குல நடக்கணும், பஸ்தான் ஓடுதே" என்று முனகிக்கொண்டேதான் வந்தார். இருட்டு விலகுமுன் கிளம்பினோம். முதலில் கொடிக்கால்கள். அகத்தியில் படர்ந்த வெற்றிலைக்கொடி, உள்ளே நுழைந்தால் பகலிலும் குளுகுளு. பிறகு வாழை. அடுத்து சேர்ந்தபூமங்கலம், தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தில் கடைசிக் கோயில். உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகளில் ஒன்பதாவது கரை ஒதுங்கியது இங்கேதான் என்பார்கள். நடை திறந்திருக்கவில்லை. மாமா வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் வாழை போய் பனையும் உடைமரமும் சீமைக்கருவேலும்தான். நிழல் கிடையாது, காற்றில் உப்பு ஏறிவிடும். இதிலென்ன அழகு என்று என் மச்சான் மாதிரி ஆட்கள் கேட்பார்கள். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. நீங்கள் மிதித்து நடப்பதே அந்த மண்ணைத்தான். எனக்கு அது போதும்.

கொடிக்கால் என்றதும் இன்னொன்று. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் வெள்ளம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. மாமாவின் கொடிக்கால் முழுக்க அழுகிவிட்டது. நிவாரணம் கேட்டுப் போன இடத்தில், "வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்றார்கள். வெற்றிலைக்கொடியை எவனய்யா போட்டோ பிடித்து ஆல்பத்தில் வைக்கிறான்? மூன்று தடவை அலைந்தார். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

புன்னைக்காயல் பரதவர் ஊர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவ நூலைத் தமிழாக்கிய போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் இருந்த ஊர். அதைத் தேடிப் போகிறவர்கள் கிறித்தவக் கோயிலைப் பாருங்கள். நாங்கள் நேரே முகத்துவாரத்துக்குப் போனோம். படகுகள், அலையாத்திச் செடிகள், எது ஆறு எது கடல் என்று பிரிக்க முடியாத தண்ணீர். மாமா ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"ஒரு போட்டோ எடுத்து வையில. ஆறு இருந்துச்சான்னு நாளைக்கு எவனாவது கேப்பான்."

எடுத்தேன். திரும்பும்போது பஸ்தான். ஆத்தூர்வரை நின்றுகொண்டே வந்தோம்.