நிமிடக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஆறு வருடமாகத் தொலைத்தொடர்புப் பொறியாளராக இருக்கிறேன். இப்போது நைஜீரியாவில் தொலைத்தொடர்புக் கொள்கை ஆலோசகர் வேலை வந்திருக்கிறது. டவரும் ஆன்டெனாவுமாகத் திரிந்தவன் இனி சட்டப்பிரிவு, கட்டண விதி என்று காகிதம் புரட்ட வேண்டும். பின்தங்கிய ஊரில் போய் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்கிறார்கள் வீட்டில். பாதுகாப்பு வேறு பயமாக இருக்கிறது. நீங்கள் லாகோஸில் இருந்தவர். போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதுகாப்பை இப்போது அங்கே இருக்கிற நம்மாட்களிடம் கேளுங்கள்.

பின்தங்கிய ஊர் என்று வீட்டில் சொன்னார்கள், சரி. அதை அப்படியே எனக்கு எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? கென்யாவில் 2007இலேயே பட்டன் போனில் எம்-பெசா வழியாகப் பணம் அனுப்பினார்கள். நமக்கு யுபிஐ வந்தது 2016இல்.

போன வாரம் பரணிலிருந்து என் 2002ஆம் வருட டைரி கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் போன் செலவு. அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் ‘கட்டண விதி’ என்று அலுத்துக்கொண்டு உங்கள் கடிதம் வந்தது.

2001 ஜனவரியில் நைஜீரியா செல்போன் உரிமங்களை ஏலம் விட்டது. ஒன்று 28.5 கோடி டாலர். அதுவரை 12 கோடிப் பேருக்குச் சுமார் 4 லட்சம் இணைப்புகள்தான். எல்லோரும் அந்த ஏலத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு லாகோஸின் இகேஜா பகுதியில் குடைக்குக் கீழே ஒரு செல்போனை வைத்துக்கொண்டு அழைப்பு விற்ற அம்மாள்தான் கண்ணில் நிற்கிறார். 55ஆவது வினாடியில் தோளில் ஒரு தட்டு. 61 ஆனால் இரண்டு நிமிடக் காசு. அந்தப் பக்கத்து யோருபா இனத்தார் வீடு, பிள்ளைகள், உடம்பு என்று நலம் விசாரிக்காமல் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களே அந்தக் குடையடியில் “பணம் அனுப்பு” என்று எடுத்த எடுப்பில் கத்தினார்கள். கட்டண விதி என்றால் இதுதான் தம்பி. பெற்ற தாயிடம் சாப்பிட்டாயா என்று கேட்க விடாதது.

பேசிய வினாடிகளுக்கு மட்டும் காசு என்கிற வினாடிக் கணக்கு இப்போதைக்கு முடியாது என்றார்கள் செல்போன் நிறுவனத்தார். 2003 ஆகஸ்டில் குளோ என்ற புது செல்போன் நிறுவனம் வந்தது, வரும்போதே வினாடிக் கணக்கோடு. அப்புறம் மற்றவர்களுக்கும் முடிந்தது! முந்தைய வருடம் குளோவுக்கு உரிமம் கொடுத்த காகிதத்தையும் உங்களைப் போல யாரோ உட்கார்ந்து புரட்டித்தான் இருப்பார்கள். போய்ப் புரட்டுங்கள்.

குளோ சிம் வாங்கிய பிறகும் அந்த அம்மாள் எங்களுக்கு நிமிடக் கணக்கில்தான் விற்றார். 55இல் அதே தட்டு. மிச்ச வினாடிகள் அவர் மடியில். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“குடைக்கு நீயா காசு கொடுத்தாய்?” என்றார்.