எம்.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி. சேர்வதா, ஓராண்டு விட்டுச் சேர்வதா?

ஊர் பென்னாகரம், எம்.எஸ்சி. வேதியியல் முடித்தாயிற்று, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதியதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வரவில்லை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி கிடைத்தது. ஆனால் மனசு ஓய்ந்து கிடக்கிறது, ஓராண்டு இடைவெளி விட்டால் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தேதியைப் பார்த்துவிடுங்கள். 2024-இல் வந்த விதிப்படி, உங்கள் வகையில் தேறியவர்களின் நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. ஆக, ஓராண்டு சும்மா இருப்பது என்றால் கையில் இருக்கும் மதிப்பெண்ணைக் கைகழுவுவது என்று அர்த்தம். அதில் தப்பில்லை, தெரிந்து செய்தால் சரி. எப்படியும் ஜே.ஆர்.எஃப்.புக்காக இன்னொரு முறை எழுதப் போகிறேன் என்றால் இழப்பு பெரிதல்ல. தேர்வு ஆண்டுக்கு இரண்டு தடவை வருகிறது, உதவித்தொகை மாதம் 37 ஆயிரம், இரண்டு ஆண்டு கழித்து 42 ஆயிரம். அது இல்லாமல் பிஎச்.டி. செய்வது எப்படி இருக்கும் என்று அப்படிச் செய்தவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள்.

நான் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு விட்டவள். 2016-இல் எம்.எஸ்சி. முடித்தேன், வீடு பாலக்கோடு பக்கம். முதல் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். அதை இடைவெளி என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பெரியம்மாவுக்கு அது "பாப்பா சும்மாதானே இருக்குது". ரேஷன் கடைக்கு நான், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நான், அத்தை வீட்டுச் சீமந்தத்துக்குப் பலகாரம் சுட நான். அப்புறம் ஜாதகம் வெளியே வந்தது. நம் பக்கத்தில் ஒரு பெண் காலியாக வைத்திருக்கும் நேரத்தை ஊர் காலியாக விட்டுவைக்காது. நீங்கள் பெண்ணா ஆணா என்று எழுதவில்லை. ஆணாக இருந்தால் ஜாதகத்துக்குப் பதிலாக "ஓசூர்ல ஒரு வேலை இருக்குது, வந்து பாரு" என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தப்பிக்கத்தான் வேலைக்குப் போனேன். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். மாதம் 11 ஆயிரம். சீசன் வந்தால் வாசலில் பெங்களூரா வகை மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ராத்திரி ஷிஃப்டில் மணிக்கு ஒரு தடவை கூழ் எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்க்க வேண்டும். பிறகு பி.எச்., பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து அமிலத்தன்மை. பெங்களூராவுக்குப் பிரிக்ஸ் 14-க்குக் கீழே போகக் கூடாது. போனால் நல்ல லாட்டோடு கலந்து சரி செய்வார்கள். முறையான வழிதான் அது, தப்பு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே தோட்டத்துக் காய், போன வாரம் 15 காட்டியது இந்த வாரம் ஏன் 13-இல் நிற்கிறது? மழையா, பழுக்கவைத்த அறையின் சூடா, காயை முன்கூட்டியே பறித்துவிட்டார்களா? கேட்டால் மேற்பார்வையாளர் சிரிப்பார். "ரீடிங் எழுதும்மா, போதும்." அவர் வேலைக்கு அது போதும்தான். எனக்குப் போதவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. கல்லூரியில் இருந்தவரை பிஎச்.டி. என்பது எம்.எஸ்சி.க்கு அடுத்த வகுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். குவாண்டம் வேதியியல் முழுசாக மறந்துபோனது. முதல் தடவை நெட் எழுதியபோது கட் ஆஃப் பக்கமே போகவில்லை, இரண்டாவது தடவையும் இல்லை. சீசன் முடிந்து தக்காளி, கொய்யா மட்டும் ஓடும் மாதங்களில் உட்கார்ந்து படித்து, 2018 டிசம்பர் தேர்வில்தான் ஜே.ஆர்.எஃப். வாங்கினேன். வயது பயம் எனக்கு இல்லை. உங்களுக்கும் வேண்டாம்: ஜே.ஆர்.எஃப்.புக்கு வரம்பு 30, பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு.

தலைப்பும் மாறியது. எம்.எஸ்சி. முடித்த ஆண்டே சேர்ந்திருந்தால் ஒரு சீனியர் செய்துகொண்டிருந்த வினையூக்கி வேலையின் வாலைப் பிடித்திருப்பேன். அதிலும் பட்டம் வந்திருக்கும், அது வேறு. 2019-இல் சேர்ந்தபோது நிலத்தடி நீர் ஃப்ளோரைடு கேட்டு வாங்கினேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஆகாது என்று புத்தகத்தில் படித்தது ஒரு பக்கம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால் போர் தண்ணீரிலேயே வளர்ந்த எங்கள் தெருப் பிள்ளைகளின் கறைபடிந்த பல் ஒரு பக்கம். அதில் நான்காவது ஆண்டு எந்திரம் கெட்டு ஐந்து மாதம் ரீடிங் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோதும் விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லை. எங்கள் ஆய்வகத்தில் இன்னொருவர் இருந்தார். களைப்போடு நேராக வந்து சேர்ந்தவர், மூன்றாம் ஆண்டில் ஊருக்குப் போய் ஆறு மாதம் திரும்பவில்லை. உதவித்தொகை நின்றது, வழிகாட்டியோடும் முறுக்கிக்கொண்டது. பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டுதான் உச்சவரம்பு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு, மகப்பேறு விடுப்பு 240 நாள். கணக்கு ஓட ஆரம்பித்த பிறகு எடுக்கும் ஓய்வு அதில்தான் கழியும்.

உங்கள் எழுத்தைப் படித்தால் கேள்வி இல்லாமல் தவிப்பது போலத் தெரியவில்லை, தூக்கம் இல்லாதது போலத்தான் தெரிகிறது. அதற்கு ஓராண்டு அதிகம். இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருங்கள். அப்புறம் எங்காவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட் வேலைக்கு விண்ணப்பியுங்கள். சம்பளம் வரும், வீட்டில் சும்மா இருக்கிறாய் என்று சொல்ல மாட்டார்கள், முக்கியமாக ஒரு வழிகாட்டி தன் மாணவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே பக்கத்தில் இருந்து பார்க்கலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம்தான் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும், தருமபுரி பக்கம் பைசுஅள்ளியில் அதன் மையமும் இருக்கிறது. ஆனால் வேலைக்கு அந்த எல்லைக்குள்ளேயே தேட வேண்டியதில்லை, பெங்களூரு நமக்குப் பக்கம்தான்.

கல்விக் கடன் வாங்கியிருந்தால் ஒன்று: பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை ஆரம்பித்துவிடும், வங்கியில் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும்போதும் "கொஞ்ச நாள்" என்று சொல்லாதீர்கள். எந்த மாதம் வரைக்கும் என்று சொல்லுங்கள். நான் "கொஞ்ச நாள்" என்றுதான் சொன்னேன், மூன்றாவது மாதமே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.