பழைய லேப்டாப்புடன் வந்த விண்டோஸ் 7 டிவிடியை வேறு கணினியில் போடலாமா?

லேப்டாப் பழுதாகிவிட்டது, அதனுடன் கொடுத்த விண்டோஸ் 7 டிவிடி மட்டும் நன்றாக இருக்கிறது, அதைப் புதிதாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினி பழுதுபார்ப்பது என் வேலை என்பதால் இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

போடக் கூடாது. உங்களிடம் இருப்பது ஓஇஎம் டிவிடி, அதாவது கணினி தயாரிக்கும் கம்பெனி தன் கணினியோடு சேர்த்துக் கொடுப்பது. அதன் மேல் பாருங்கள், புதிய கணினியுடன் மட்டுமே வழங்க வேண்டும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு விண்டோஸ் மலிவாகக் கிடைப்பதே இந்த நிபந்தனையின் பேரில்தான். அந்த உரிமம் முதலில் எந்தக் கணினியில் ஏறியதோ அதோடு முடிந்தது. வேறு கணினிக்கு அதை மாற்ற முடியாது. கடையில் தனியாகப் பெட்டியோடு வாங்கும் ரீடெயில் விண்டோஸ் என்றால் கதை வேறு. பழையதில் அழித்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும்.

மீறிப் போட்டாலும் தானாக ஆக்டிவேட் ஆகாது, அதாவது அசல் உரிமம் என்று மைக்ரோசாஃப்ட் ஏற்காது. பெரிய கம்பெனிகளின் விண்டோஸ் 7, பயாஸுக்குள் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) இருக்கும் ஸ்லிக் என்ற சின்ன அட்டவணையைப் பார்த்துத்தான் தன்னைத்தானே ஆக்டிவேட் செய்துகொள்ளும். உங்கள் புது மதர்போர்டில் அது கிடையாது. கம்பெனி தரும் சில ரெகவரி டிவிடிக்கள் வேறு மாடலைப் பார்த்ததும் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். லேப்டாப்பின் அடியில், பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றினால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும் 25 எழுத்து கீயும் அந்த லேப்டாப்புக்கு உரியதுதான். கிராக் (உரிமச் சோதனையை ஏமாற்றும் திருட்டு ஃபைல்) போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஃபைலோடு என்னென்ன உள்ளே வருகிறது என்று போட்டுத் தருபவருக்கே தெரியாது. நாளைக்கு அதே கணினியில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பீர்கள்.

அப்புறம் இன்னொரு தொல்லை. 2015-க்குப் பிறகு வந்த பல மதர்போர்டுகளில் யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலர் மட்டும்தான். விண்டோஸ் 7 டிவிடியில் அதற்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வரை ஒழுங்காக வரும்; அங்கே கீபோர்டும் மவுஸும் அசையாது. அதைத் தாண்டினாலும் என்விஎம்ஈ எஸ்எஸ்டியை (புது வகை வேகமான சேமிப்பு டிஸ்க்) டிரைவர் சேர்க்காமல் அது கண்டுகொள்ளாது. 32 பிட் டிவிடி என்றால் 8 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. இத்தனைக்கும் மேல், விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்தில் இணைக்கும் கணினியில் இன்று அதைப் போடச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழைய கீயை வைத்து விண்டோஸ் 10 அல்லது 11 வாங்கிக்கொள்ளும் வழி முன்பு இருந்தது. 2023 செப்டம்பரில் அதையும் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

பில்லிங், டேலி போன்றவற்றுக்கு விண்டோஸ் கட்டாயம் என்றால் விண்டோஸ் 11 உரிமம் ஒன்று வாங்கிவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும் ஃபைலை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாக இறக்கலாம், காசு கீக்கு மட்டும்தான். பிரவுசிங், படிப்பு, படம் பார்ப்பது அளவுக்குத்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போதும். அதை ஏற்றிய ஒரே பென்டிரைவை வைத்து எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், கீ என்ற பேச்சே இல்லை. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அதன் பிறகு இன்ஸ்டால் கொடுங்கள்.