கடல்ல கிடைச்ச பழைய கயிறை மாடியில காயப் போட்றாதீங்க

இந்த வாரம் வந்ததுல பாதி கயிறு பத்தின கேள்விதான், மும்பையில நம்மாளுங்களுக்கு இதுல இவ்ளோ அக்கறை இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சசூன் டாக்ல வேலை பாக்கறேன். வலையில தடியான பழைய வடம் ஒண்ணு மாட்டுச்சு, கப்பலோடதுன்னு சொல்றாங்க. காய வெச்சு எடுத்து வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம்ணே! பாக்க முழுசாத்தான் இருக்கும், ஆனா நாருக்குள்ள இருந்த செல்லுலோஸ் (நாருக்கு பலம் குடுக்கற பொருள்) பெரும்பாலும் கரைஞ்சு போயிருக்கும், அந்த இடத்துல தண்ணிதான் முட்டுக் குடுத்து நிக்குது, தண்ணி ஆவியாகும்போது நார் சுவரை உள்பக்கமா இழுத்துரும், அப்புறம் தொட்டா தூள்தான். அதே கடல் தண்ணியில, மூடி போட்ட டப்பால, நிழல்ல வைங்க. கையால தூக்காதீங்க, அடியில கொசுவலை விட்டு வலையோட தூக்குங்க. எங்க கிடைச்சதுன்னு குறிச்சு வெச்சு தொல்லியல் துறைக்கு சொல்லிடுங்க.

ஏற்கனவே காஞ்சிடுச்சு சார், திரும்ப ஊற வெச்சா?

பழைய வடிவம் வராதுப்பா. அப்படியே அசைக்காம வைங்க.

செம்பூர்ல கெமிஸ்ட்ரி படிக்கறேன். லேப்ல என்னதான் பண்ணுவாங்க?

முதல்ல உப்பு எடுக்கணும்மா. கடல் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி கலந்து, கடைசியில டிஸ்டில்ட் வாட்டர், வாரக்கணக்கா மாத்திட்டே இருக்கணும். ஊறின தண்ணியில ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டா, உப்பு மிச்சம் இருந்தா பால் மாதிரி வெள்ளையா கலங்கும், கலங்காம தெளிவா நிக்கற வரைக்கும் விடக்கூடாது. புரிக்கு நடுவுல இருக்கற மணலை மெத்துனு பிரஷ்ஷால, தண்ணிக்குள்ள வெச்சே எடுக்கணும், முறுக்கு பிரிஞ்சா அந்தக் கயிறு எப்படி திரிச்சாங்கங்கற சாட்சியே போச்சு. அப்புறம் பாலிஎத்திலீன் கிளைக்கால்ல (தண்ணியில கரையற மெழுகு மாதிரி பொருள்) ஊற வெச்சு தண்ணி இருந்த இடத்துல அதை ஏத்தி, உறைய வெச்சு வாக்குவம்ல காய வைப்பாங்க, ஐஸ் நேரா ஆவியாகறதால நாரை இழுக்கறதுக்கு தண்ணியே இருக்காது. பொறுமை வேணும்மா, 1628ல முழுகி 1961ல மேல வந்த ஸ்வீடன் கப்பல் வாசாவோட மரத்துக்கு இதே மருந்தை 17 வருஷம் தெளிச்சாங்க.

தேங்கா நார் கயிறு ஹெம்ப்பை (கஞ்சா செடி வகையோட நார்) விட தாங்குமா?

பொதுவா தாங்கும். அதுல லிக்னின் (நாரை கெட்டியாக்கற பொருள்) ஜாஸ்தி, கடல்ல செல்லுலோஸ் போனாலும் லிக்னின் சட்டுன்னு போகாது. நம்ம ஊர்ல மட்டையை மாசக்கணக்கா காயல்ல ஊறப் போட்டுத்தானே நாரே எடுக்கறாங்க! ஹெம்ப்புக்கு தார் பூசியிருந்தா அதுவும் ஓரளவு காப்பாத்தும், அதனால கருப்பா ஒட்டிட்டு இருக்கறதை அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சு எடுத்துறாதீங்க.